எட்டுப் பேர் சுற்றும் ரோதை

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. உடப்புசல்லாவைப் பாதையை ஒட்டி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில், மழை மாதங்களில், மூக்குக் கண்ணாடியோ சாமிப்படமோ கைப்பேசியோ எதுவானாலும் காலையில் ஒரு தடவை துடைத்த பிறகுதான் உபயோகத்துக்கு ஆகும். லோஜனும் சட்டை நுனியால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தான். கட்டைவிரல் நகத்தளவே இருந்த அந்த வட்டக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆவி இருந்தது உட்பக்கத்தில்.

உட்பக்கம் என்றால் அவனே ஈயம் வைத்துப் பற்றி அடைத்த தகரக் கூட்டுக்குள். கடைசி இணைப்பையும் பற்றவைத்து முடித்ததும் சவர்க்கார நுரை தடவிப் பார்த்து, ஊசி போகிற ஓட்டைகூட இல்லை என்று திருப்திப்பட்டுத்தான் அதை முன்னறையான முன்காம்பராவின் மேசையில் வைத்திருந்தான். இப்போது அந்தக் காற்றுப் புகாத கூட்டுக்குள்ளிருந்து, யாரோ கண்ணாடிக்குக் கிட்டே முகத்தை வைத்து மூச்சு விட்டதுபோல, வட்டமாக, நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிந்து ஆவி பூத்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் சுருங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி விரிந்தது.

"இங்கருங்க, தேத்தண்ணி ஆறுது" என்று குசினியிலிருந்து நிலக்ஷி கூப்பிட்டாள். கூப்பிட்ட கையோடு இருமினாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. குளிர் கூடினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும், பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தால் அடங்கிவிடும். லோஜனுக்கு அந்தப் பூனைக்குட்டியின் குரல் அத்துப்படி. அது எப்போது சும்மா கத்துகிறது, எப்போது நிஜமாகவே பயப்பட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து காதை அந்தப் பக்கமே வைத்திருக்கிறான். உலகத்தில் அவன் பயந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

போய்ப் பார்த்தால் அவள் கோப்பையை விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன?"

"தெரியல. ராத்திரி முழுக்க வெறகு பொளந்த மாதிரி காந்துது."

வலது உள்ளங்கையில், விரல்கள் தொடங்குகிற இடத்தில், வரிசையாகக் கொப்புளங்கள். அவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டுவது அவள் வேலை. தொட்டில் கயிறு அறுத்திருக்கும் என்று அவன் சொன்னான். அவளும் சரி என்றாள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பிள்ளைக்காம்பராவும் கிடையாது.

மேசையிலிருந்தது ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரி. மேல்நாட்டில் நூற்றறுபது வருஷத்துக்கு முந்தி நடந்த யுத்தமொன்றில், எஞ்சின் எதுவும் இல்லாமல், எட்டுப் பேர் ஓர் இரும்புக் கூட்டுக்குள் வரிசையாக உட்கார்ந்து ஒரே தண்டைக் கையால் சுற்ற, பின்னால் விசிறி சுழன்று தண்ணீருக்கடியில் நகர்ந்த கப்பல். தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கும் லோஜனுக்கு அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பில்லை. நுவரெலியாவில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு மற்ற பள்ளிக்கூடங்கள் எரிமலையும் காற்றாலையும் கொண்டுவரும். நாம் இதைக் கொண்டுபோவோம் என்று கிளம்பிவிட்டான். பிஸ்கட் தகரத்தை வளைத்து உடம்பு, டின்பால் பேணியை வெட்டி மேலே இரண்டு கோபுரம், கைக்கடிகாரக் கண்ணாடியில் ஜன்னல்கள். உள்ளே ஒரு நீளப் பலகை இருக்கை, அதற்கு முன்னால் எட்டு வளைவுகள் கொண்ட தண்டு. இருக்கையில் பொம்மை எதுவும் வைக்கவில்லை. சனத்துக்குத் தண்டு தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டான்.

தண்டுக்கு இரும்பு கொடுத்தவர் மூன்றாம் காம்பரா சின்னத்தம்பி மாமா. மூடிக்கிடக்கும் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோதைகளை ஓட்டியவர். ஸ்டோர் மூடியும் மனுஷனுக்குச் சக்கரப் பைத்தியம் விடவில்லை. லயத்தில் யாராவது தையல் மெஷின் வாங்கினால்கூட முதல் சுற்றுச் சுற்ற அழைக்காமலே வந்து நிற்பார்.

"இது ரோதையில இருந்த இரும்பு தம்பி. முனிக்குச் சொல்லாம சுத்தாத" என்றார்.

ரோதமுனி ஸ்டோரைக் காக்கும் சாமி. சுற்றுகிற எதற்கும் ரத்த ருசி உண்டு என்று ஸ்டோர்க்காரர்கள் நம்பினார்கள். விரலை வாங்கும், கையை வாங்கும், சேலை முந்தி சிக்கினால் ஆளையே வாங்கும். அதனால் அந்த ஸ்டோரில் ஒரு வழக்கம் இருந்தது. ரோதையை முதன்முதல் ஓட்டுவதற்கு முன் முனிக்குச் சூடம் காட்டி, அதில் கை வைக்கப் போகிறவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். இவர்கள் நம் ஆட்கள், இவர்களைத் தொடாதே என்பதற்காக. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டைப் போலவே இருப்பதால் அதற்கு முனிப் பெரட்டு என்று பேர்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அதைச் செய்தார்கள். லோஜனுக்குச் சிரிப்பாக இருந்தாலும் பிடித்திருந்தது. தேசிக்காய் அறுத்து, சூடம் கொளுத்தி, சின்னத்தம்பி மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தன பேரு சுத்துற ரோதை?"

"எட்டு பேரு மாமா."

"யாரு யாரு? சொல்லு."

பொம்மைக் கப்பல்தானே மாமா என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்த வெள்ளைக்காரப் பேர் எட்டைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேடிக்கை பார்க்க முன்திண்ணையான இஸ்தோப்பில் லயத்துச் சனம் முழுக்க நின்றது. முழுக்க என்றால் என்ன, பாதிப்பேர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட லயத்தில் அவனைத் தவிர்த்து மிஞ்சியிருந்தது சரியாக எட்டுப் பேர். "எம் பேரப் போடு வாத்தியாரே, நானும் கப்பல்ல போறேன்" என்று ராக்காயி கத்த, எல்லோரும் சிரிக்க, அவனும் உற்சாகத்தில் சொல்லிக்கொண்டே போனான். சின்னத்தம்பி. அவர் மனைவி அம்மாக்கண்ணு. ராக்காயி. காளியாயி. அழகம்மா. வாலிபப் பையன்கள் மதுரன், திலக்ஷன்.

"எட்டாவது, எங்க வீட்டு மகாராணி நிலக்ஷி."

"என்னையுமா?" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒன் பேரு வேணாம் தம்பி. செஞ்சவன முனிக்குத் தெரியும்" என்று சொல்லி, சின்னத்தம்பி மாமா விசிறியை ஒரு விரலால் சுண்டிவிட்டார். அது லேசாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

ஞாயிறு பிற்பகல் பனிமூட்டம் கீழே இறங்கி, எதிர்த்த மலையையும் தேயிலையையும் விழுங்கி, முற்றத்துக் கொடிக்கம்பி வரைக்கும் வந்து நின்றபோது சின்னத்தம்பி மாமா வந்தார். வழக்கமான கேலி எதுவும் இல்லாமல் உள்ளே வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நிலக்ஷியின் கையில் இருந்த அதே கொப்புளங்கள்.

"ரெண்டு ராத்திரியா ஒரே கனவு தம்பி. ரோதை சுத்துறேன். இந்தப் பக்கம் அம்மாக்கண்ணு, அதுக்கு அந்தாண்ட ராக்காயி. குனிஞ்ச தல நிமிர முடியல, இருட்டு. யாரும் பேசல."

"நான் கடைசியில இருந்தேன்" என்றாள் நிலக்ஷி.

குசினி வாசலில் நின்றிருந்தாள். கனவைப் பற்றி அவள் லோஜனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"எனக்கு இந்தப் பக்கம் திலக்ஷன். அந்தப் பக்கம் வெறும் தகரம். சில்லுனு இருந்துச்சி."

அப்போதுதான் லோஜன் மேசையைப் பார்த்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல, ஒரு தகடு இறங்க அடுத்த தகடு ஏறிக்கொண்டிருந்தது. அறைக்குள் ஒரு வாசனை. ஈர இரும்பும் அணைந்த மெழுகுதிரியும், அதற்கடியில் வேறொன்றும். அது என்னவென்று அவனுக்குத் தெரிய நேரமெடுத்தது. ஆறாயிரம் அடி உயரத்து மலையில், மழையும் தேயிலையும் விறகுப்புகையும் தவிர வேறு மணமறியாத வீட்டில், கடல் மணத்தது.

"இந்தக் கப்பல்ல போனவங்க எப்பத் திரும்பி வந்தாங்க தம்பி?" என்று சின்னத்தம்பி மாமா கேட்டார்.

லோஜன் விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரல மாமா."

"யாருமா?"

"யாருமே வரல. கடலுக்கடியிலயே இருந்துட்டாங்க. ரொம்பக் காலம் கழிச்சித் தூக்கினப்போ எல்லாரும் அவங்கவங்க எடத்துலயே உக்காந்திருந்தாங்களாம்."

"இதச் சொல்லாமயா பேரக் குடுத்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் லோஜனால் தாங்கியிருக்க முடியும். பூசை நேரத்தில் அபசகுனமாக எதற்குச் சொல்ல வேண்டும் என்று அதை விட்டுவிட்டிருந்தான். மாமா அவன் தோளைத் தட்டினார்.

"பேர எறக்கிடலாம். ஸ்டோருல ஒருத்தன் வேலைய விட்டு நின்னா செய்யிறதுதான். பேரக் கூப்புடுவோம், அவன் வந்துட்டேன்னு சொல்லிக் கைய எடுத்துருவான், அதோட சரி. நாளைக்குச் சாயங்காலம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் அதத் தொறக்காத. நிறுத்தப் பாக்காத."

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபடியே சின்னத்தம்பி மாமா செத்துப்போனார்.

அம்மாக்கண்ணு அத்தை போட்ட சத்தத்தில் ஓடிப்போனவர்களில் லோஜனும் ஒருவன். முகம் கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேராக, இல்லாத ஒன்றைப் பற்றியபடி மூடியிருந்தன. விரல்களுக்கு நடுவே விளக்குமாற்றுப் பிடி நுழைகிற அளவு வட்டமான வெறுமை. மாரடைப்பு என்றார் டாக்டர். எண்ணெய் தடவியும் வெந்நீர் ஊற்றியும் விரல்களை நீட்ட முடியவில்லை. குளிப்பாட்ட நிமிர்த்தியபோது வாயோரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. அம்மாக்கண்ணு அத்தை முந்தானையால் துடைத்தார். துடைத்த விரலை என்ன நினைத்தாரோ நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

அவரை அப்படியே, கைகளை நீட்டாமலே, மேட்டு மயானத்தில் புதைத்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மாறிவிட்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் அது தயங்கியது, திணறியது, பிறகு பாரத்தை இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. எட்டுப் பேரின் ரோதையை ஏழு பேர் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. கேட்கவே முடியாத அளவு மெல்லிய சத்தம் ஒன்றும் வந்தது, கிரீச்சென்று, அதே தயங்கும் இடத்தில்.

அந்தக் கிழமை முழுவதும் லயம் அடங்கிப்போயிற்று. பந்தடிக்கக் குதித்துக்கொண்டு போகும் மதுரன் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். ராக்காயியின் வாய் முதன்முறையாக மூடியது. புது வகைக் காய்ச்சல் என்றார்கள், சுவரில் பூஞ்சணம் என்றார்கள், ஆட்கள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். லோஜனுக்கு மட்டும் தெரியும். தெரிந்து என்ன செய்ய. யாரிடம் போய் என்னவென்று சொல்ல.

நிலக்ஷிக்குத்தான் மோசம். பம்பு வேலை செய்யவில்லை. பூனைக்குட்டியின் சத்தமும் இல்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. முச்சக்கர வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முகமூடி போட்டு ஒட்சிசன் வைத்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து இரண்டு முறை கேட்டுவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, காற்று நன்றாகப் போகிறது என்று சிங்களத்தில் சொன்னார். ஆனால் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். வேறு கருவி மாட்டிப் பார்த்தார். அதிலும் இறங்கியது.

போர்வைக்குள் அவளுடைய வலது கை சுற்றிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் தயங்கி, திணறி, மேலே ஏறி.

அவள் முகமூடியை விலக்கினாள். லோஜன் குனிந்தான்.

"காத்து வருதுங்க. ஆனா எனக்கு வரல. எல்லாரும் பங்கு போட்டுக்குறோம்."

"நிலக்ஷி..."

"வீட்டுக்குப் போவோம். இங்க இருந்தா தூரமா இருக்கு. சுத்த முடியல."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் அவனே கையெழுத்து வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூடுபனிக்குள் வண்டி வளைவு வளைவாக ஏறும்போது அவள் அவன் தோளில் சாய்ந்திருந்தாள். வீடு நெருங்க நெருங்க அவளுக்கு மூச்சு லேசானது. அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் அல்ல.

அவளைப் படுக்கவைத்துவிட்டு, கூட்டைத் திறக்க ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினான். மாமா சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் வேறென்ன செய்வான். முன்கோபுரத்து மூடியின் ஓரத்தில் கோலை வைத்தான். ஈயம் பளபளத்தது, உருகியது, ஒரு துளி உருண்டு விழுந்தது. ஊசித் துவாரம்.

தண்ணீர் வந்தது.

ஒருநாளும் தண்ணீர் படாத தகரத்துக்குள்ளிருந்து நூல்போல, நெட்டாக, அவன் நெற்றியில் அடித்தது. பனிக்கட்டிக் குளிர். உதட்டில் உப்பு. பின்னால் நிலக்ஷி இருமினாள். திரும்பினான். அவள் மோவாயில் தண்ணீர் வழிந்து தலையணை நனைந்துகொண்டிருந்தது. அடுத்த காம்பராவிலும் இருமல். அதற்கடுத்ததிலும். மெல்லிய சுவர்களுக்கு அப்பால் லயம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, மூழ்குகிறவர்களைப்போல இருமியது.

கட்டைவிரலால் துவாரத்தை அடைத்துக்கொண்டு, மற்றக் கையால் கோலைத் தேடி, விரல் வெந்துபோக மறுபடி பற்றவைத்தான். இருமல் நின்றது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நிறுத்த முடியாது. திறக்கவும் முடியாது.

அடுத்த நாள் பிற்பகல் அம்மாக்கண்ணு அத்தை வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அவரு சொன்னபடி எறக்கிடு தம்பி. நீதானே ஏத்தின."

"எனக்கு முறை தெரியாதே அத்தே."

"என்ன முற. பேரக் கூப்புடணும். அவ்வளவுதான். இப்பவே கூப்புடு, எங்களால முடியல."

ஒவ்வொருவராக வந்தார்கள். பனி வாசல்படி ஏறி வந்திருந்தது. பகலிலேயே லைட் போட வேண்டியதாயிற்று. முன்காம்பராவில் இடம் பற்றாமல் சுவரோரம் வரிசையாக, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். கடைசியில் நிலக்ஷி. ஏழு வலது கைகள். எல்லாம் மடிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஒரே வேகத்தில். ஒரே இடத்தில் தயங்கி. யாரும் அதை மறைக்கவில்லை.

லோஜன் சூடம் கொளுத்தினான். இரண்டு தீக்குச்சி வீணானது. சொன்ன வரிசையிலேயே கூப்பிட வேண்டும். முதல் பேர் மாமாவுடையது. தயங்கினான்.

"அவரையும் கூப்புடு. அங்கயே விட்டுட்டா வர்றது?" என்றார் அம்மாக்கண்ணு அத்தை.

"சின்னத்தம்பி."

பனி. சூடத்தின் படபடப்பு.

"வந்துட்டேன்."

தகரத்துக்குள்ளிருந்து வந்தது. மாமாவின் குரல்தான், சளி கட்டியது மாதிரி. அம்மாக்கண்ணு அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகையில் சந்தோஷம் இருந்தது. பலிக்கிறது. மாமா சொன்னது பலிக்கிறது.

"அம்மாக்கண்ணு."

"வந்துட்டேன்."

அத்தையின் கை நின்றது. மடியில் விழுந்தது. அப்பாடா என்பதுபோல அவர் தலையைச் சுவரில் சாய்த்தார். வரிசையில் ஒரு பெருமூச்சு ஓடியது.

"சீக்கிரம் வாத்தியாரே" என்றாள் ராக்காயி.

"ராக்காயி."

"வந்துட்டேன்." அவள் கையும் நின்றது.

"காளியாயி." நின்றது.

"அழகம்மா." நின்றது.

அவன் அவசரப்பட்டான். நிலக்ஷி கடைசி. அவளிடம் போய்ச் சேர வேண்டும். அவள் முகம் சாம்பல் பூத்திருந்தது. சுற்றச் சுற்ற அவள் பங்கு கூடிக்கொண்டே போகிறது. சீக்கிரம்.

"மதுரன்."

"வந்துட்டேன்."

"திலக்ஷன்."

"வந்துட்டேன்."

அது கேட்டபோது அவன் திலக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திலக்ஷனின் வாய் அசையவில்லை.

லோஜன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். ஆறு பேர். சுவரில் சாய்ந்த ஆறு தலைகள். கண்கள் திறந்திருந்தன. அம்மாக்கண்ணு அத்தையின் கண்ணில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை. யாருக்கும் ஏறவில்லை. மடியில் கிடந்த கைகள் மூடியிருந்தன. நடுவில் வட்டமான வெறுமை.

பேரை இறக்கவில்லை. அவன் யாரையும் இறக்கவில்லை. பெரட்டு எடுத்திருக்கிறான். வந்தாயா என்று கேட்டிருக்கிறான். ஒவ்வொருவரும் உள்ளே வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு பேர்.

நிலக்ஷி சுற்றிக்கொண்டிருந்தாள். தனியாக. அவள் தோள்பட்டை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை ஏற மறுத்தது. ஏறியது. ஏற மறுத்தது.

"எம் பேர" என்றாள். "சொல்லுங்க."

தலையை ஆட்டினான். முடியாது. சொல்ல மாட்டேன்.

"முடியலங்க."

பாய்ந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். தானும் சேர்ந்து தள்ள. பாரத்தை வாங்க. கையில் பாரமே இல்லை. பஞ்சு மாதிரி இருந்தது. அவன் தள்ளினால் போனது, இழுத்தால் வந்தது. பாரம் இங்கே இல்லை. அவனால் தொட முடிகிற இடத்தில் இல்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் "விட்டுரு, விட்டுரு" என்று அழுதான். விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் அழுதான்.

அவள் கை நின்றது.

அவன் அவள் பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலே நின்றது. உதடுகள் மூடின.

அப்போது தகரத்துக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"லோஜன்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அவன் பேரைச் சொன்னதேயில்லை. இங்கருங்க என்பாள், கோபம் வந்தால் வாத்தியாரே என்பாள். இப்போது கூப்பிட்டாள். இருட்டுக்குள்ளிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து, பயந்துபோய், அவனைத்தான் கூப்பிட்டாள்.

யோசிக்க அவனுக்கு நேரமில்லை. நேரமிருந்தாலும் அவன் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"வந்துட்டேன்."

வலது கை தானாக எழுந்தது. எதையோ பற்றியது. கண்ணுக்குத் தெரியாத இரும்பு, சில்லென்று, கனமாக. சுவரோரம் ஆறு செத்த கைகளும் மடியை விட்டு எழுந்தன. நிலக்ஷியின் கையும் எழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. வாசலில் பனி நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. காதுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், சளி கட்டிய குரல் ஒன்று சொன்னது.

"நகந்து உக்காரு தம்பி. எடம் பத்தாது."

லோஜன் நகர்ந்து உட்கார்ந்தான்.